உண்ணிக் கடியும் இறைச்சி ஒவ்வாமையும்

இஸ்லாமிய மருத்துவ வரலாற்றின் தலைசிறந்த மேதைகளுள் ஒருவரான அபூபக்ர் அர்ராஸீ (மறைவு கி.பி. 925) எழுதிய ஏடுகளுள் மிகச் சிறியதொன்று உண்டு. அவர் காலத்து அறிஞரான அபூஸைத் அல்பல்கீக்கு வசந்த காலத்தில் ரோஜா மலரை முகரும்போது சளியும் மூக்கொழுக்கும் உண்டாவதேன் என்பதே அந்த ஏட்டின் பொருள். ஊரார் அனைவருக்கும் இன்பம் தரும் மலர் ஒருவருக்கு மட்டும் நோயைத் தருவது எவ்வாறு? காரணம் மலரில் இருக்கிறதா, முகர்பவரின் உடலில் இருக்கிறதா? அர்ராஸீ எழுப்பிய இக்கேள்விக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னரே மருத்துவ உலகம் ஒரு பெயரிட்டது. 1906இல் வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கிய அச்சொல்லையே நாம் இன்று தமிழில் ‘ஒவ்வாமை’ என வழங்குகிறோம்.

அல்பல்கீயின் நோயில் காரணமும் விளைவும் அடுத்தடுத்து நின்றன. மலரை முகர்ந்தார்; மூக்கு ஒழுகிற்று. ஆனால் அண்மைக் காலத்தில் கண்டறியப்பட்ட ஓர் ஒவ்வாமையில் இவ்விரண்டும் வெகு தொலைவில் நிற்கின்றன. ஏதோவொரு புல்வெளியில் உண்ணி கடித்துச் சில வாரங்களோ மாதங்களோ கழிந்தபின், அதுநாள்வரை தீங்கின்றி உண்டுவந்த ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் ஒவ்வாமற் போகின்றன. அதுவும் உண்டவுடன் அன்று. பல மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில். இந்த இரட்டை இடைவெளியே இந்நோயை மறைத்து வைத்திருக்கிறது. மருத்துவர் கேட்காமலும் நோயாளி நினைவுகூராமலும் இது வெளிப்படுவதில்லை. இறைச்சி, விருந்திலும் வணக்கத்திலும் இடம்பெறும் ஒரு சமுதாயத்தினர் இதனை அறிந்திருப்பது அவசியமாகிறது.

சிறுசேரியிலிருந்து ஒரு காட்சி

செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி அமைந்துள்ள சிறுசேரியில் இரண்டு உலகங்கள் அருகருகே வாழ்கின்றன. ஒருபுறம் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள். மறுபுறம் நாவலூர், படூர், கேளம்பாக்கம், தையூர் என நீளும் ஊர்களின் ஏரிக்கரைகள், மேயும் மாடுகள், ஆட்டு மந்தைகள். இங்குப் பணிபுரியும் பொறியாளர்கள் பலர் நிறுவனப் பணியின் பொருட்டு அமெரிக்காவின் வட கரோலினா, விர்ஜீனியா, டென்னஸி, அர்கன்சாஸ் போன்ற மாநிலங்களுக்குச் சென்று சில ஆண்டுகள் தங்கித் திரும்புகின்றனர்.

அத்தகைய ஒருவரை மனத்தில் இருத்திக்கொள்வோம். அங்கு வார விடுமுறைகளில் குடும்பத்துடன் காட்டுப் பாதைகளில் நடந்திருக்கிறார். கணுக்காலில் சிவந்த தடிப்புகள் தோன்றிப் பல நாள் அரித்திருக்கின்றன, பூச்சிக்கடியென விட்டுவிட்டார். ஊர் திரும்பியபின் ஒரு வலீமா விருந்தில் இரவு ஒன்பது மணிக்கு ஆட்டுக்கறிப் பிரியாணி உண்கிறார். நன்றாக உறங்கியவர் இரண்டு மணியளவில் உள்ளங்கை அரிப்புடன் விழிக்கிறார். உடலெங்கும் தடிப்புகள், வயிற்றைப் பிசையும் வலி, வாந்தி, கண்ணை இருட்டும் மயக்கம். மறுநாள் வீட்டார் சமையற்காரரைக் குறை கூறுவர். அதே சட்டியில் உண்ட முந்நூறு பேருக்கு ஒன்றும் நேரவில்லை என்பது எவர் நினைவுக்கும் வராது. மருத்துவரும் ‘உணவு நஞ்சானது’ என்றோ ‘இரைப்பை அழற்சி’ என்றோ எழுதிவிடக்கூடும். உண்ணியைப் பற்றிக் கேட்பார் எவருமிலர்.

இது கற்பனைக் காட்சிதான். எனினும் இந்நோயாளர்களுள் பலர் தம் நோயின் பெயரை அறிவதற்குமுன் கடந்துவந்த வழி இத்தகையதே. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் வெளியிட்ட தகவலின்படி, அந்நாட்டில் 2010 முதல் 2022 வரை 1,10,000க்கும் மேற்பட்டோரிடம் இவ்வொவ்வாமை இருக்கலாம் என ஐயுறப்பட்டது. உண்மையான எண்ணிக்கை 4,50,000 வரை இருக்கலாம் என்றும் அம்மையம் மதிப்பிட்டது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், வினவப்பட்ட மருத்துவத் துறையினருள் 42 விழுக்காட்டினர் இந்நோயைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை எனத் தெரியவந்தது. நோய் மிகுந்த நாட்டிலேயே இந்நிலை எனில் நம் நாட்டின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தொன்று காட்டிய தடயம்

இந்நோய் வெளிப்பட்ட வரலாறு விந்தையானது. அது உணவிலிருந்து தொடங்கவில்லை. புற்றுநோய் மருந்தொன்றிலிருந்து தொடங்கிற்று. 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செட்டுக்சிமாப் என்னும் மருந்தை முதன்முறை செலுத்தும்போதே சிலருக்குக் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்பட்டது. வட கரோலினாவிலும் டென்னஸியிலும் ஐந்தில் ஒருவருக்கு மேல் இவ்வாறு பாதிக்கப்பட்டனர். வடகிழக்கு மாநிலங்களிலோ இது மிக அரிதாக இருந்தது. மருந்து ஒன்றே, மனிதரும் ஒரே நாட்டினர். வேறுபட்டது நிலப்பகுதி மட்டுமே.

விர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸும் அவருடைய குழுவினரும் இப்புதிரை ஆராய்ந்தனர். அம்மருந்து எலியின் உயிரணுக்களில் உருவாக்கப்படுவதால் அதில் ‘ஆல்ஃபா-கேல்’ என்னும் சர்க்கரை மூலக்கூறு ஒட்டியிருந்தது. பாதிக்கப்பட்ட 25 பேருள் 17 பேரின் இரத்தத்தில், மருந்து செலுத்தப்படுவதற்கு முன்பே இச்சர்க்கரைக்கு எதிரான ஐ.ஜி.ஈ. வகை எதிர்ப்புப் புரதம் இருந்ததை 2008இல் அவர்கள் வெளியிட்டனர். டென்னஸியில் ஒப்பீட்டுக்காகச் சோதிக்கப்பட்டோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அது காணப்பட்டது. பாஸ்டன் நகரில் நூற்றுக்கு ஒருவரிடம்கூட இல்லை.

இதே சர்க்கரை ஆடு, மாடு முதலியவற்றின் இறைச்சியிலும் உண்டு. ஆகவே இறைச்சி உண்டு பல மணி நேரம் கழித்துத் தடிப்பும் மயக்கமும் கண்டதாகக் கூறி வந்தவர்களின் கூற்று மதிக்கப்படலாயிற்று. அத்தகைய 24 நோயாளர் பற்றிய அறிக்கை 2009இல் வெளிவந்தது. மக்கள் உடலில் அந்த எதிர்ப்புப் புரதம் எங்கிருந்து வந்தது என்பதே எஞ்சிய கேள்வி. பாதிப்பு மிகுந்த பகுதிகளின் வரைபடம், உண்ணியால் பரவும் ஒருவகைப் புள்ளிக் காய்ச்சலின் வரைபடத்துடன் பெரிதும் ஒத்திருந்தது. பிளாட்ஸ்-மில்ஸின் சொந்த உடலும் இதற்குச் சான்றாயிற்று. 2007 ஆகஸ்டில் மலைப்பாதையில் நடந்தபோது எண்ணற்ற உண்ணிக் குஞ்சுகள் அவரைக் கடித்தன. அதன்பின் அவருடைய இரத்தத்தில் ஆல்ஃபா-கேலுக்கு எதிரான புரதம் உயர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் ஆட்டிறைச்சி உண்டு சில மணி நேரம் கழித்து அவருடைய உடல் முழுதும் தடித்தது. உண்ணிக் கடியே காரணம் என்பதற்கான சான்றுகள் 2011இல் தொகுத்து வெளியிடப்பட்டன.

இதே காலத்தில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஷெரில் வான் நுனன் என்னும் மருத்துவர், தம்மிடம் இறைச்சி ஒவ்வாமையுடன் வந்தவர்களிடம் முந்தைய உண்ணிக் கடியைப் பற்றி விசாரித்தறிந்து, அவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தனியே கண்டிருந்தார். 25 நோயாளர் பற்றிய அவருடைய அறிக்கை 2009இல் வெளிவந்தது. விலையுயர்ந்த கருவி எதுவும் அவருக்கு முதல் தடயத்தைத் தரவில்லை. நோயாளி சொல்வதைப் பொறுமையுடன் கேட்டதே தந்தது.

உடலுக்குள் நிகழ்வது என்ன?

பாலூட்டிகள் மிகப் பெரும்பாலானவற்றின் உடலில் ஆல்ஃபா-கேல் இயல்பாக அமைந்துள்ளது. மனிதரிடமும் வாலில்லாக் குரங்குகளிடமும் ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்கினங்களிடமும் மட்டும் அது இல்லை. ஆகவே அச்சர்க்கரை நம் உடலுக்கு அந்நியமானது. நம் குடலில் வாழும் நுண்ணுயிர்களிடம் அதையொத்த மூலக்கூறுகள் இருப்பதால், நம் அனைவரின் இரத்தத்திலும் அதற்கெதிரான ஐ.ஜி.ஜி. வகைப் புரதம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. அது இறைச்சி உண்பதற்கு எவ்விதத் தடையும் விளைவிப்பதில்லை.

உண்ணி கடிக்கும்போதுதான் நிலைமை மாறுகிறது. அது கொசுவைப் போலக் கடித்துவிட்டுப் பறந்து செல்வதில்லை. தோலில் வாயைப் பதித்து, நாட்கணக்கில் ஒட்டியிருந்து, தன் உமிழ்நீரை உட்செலுத்தியபடியே இரத்தம் உறிஞ்சுகிறது. அவ்வுமிழ்நீரில் ஆல்ஃபா-கேல் தாங்கிய பொருள்கள் உள்ளன. குடல் வழியே வருவதை உணவென ஏற்கும் உடல், தோலைத் துளைத்து வருவதைத் தாக்குதலெனக் கொள்கிறது. சிலரது உடலில் ஐ.ஜி.ஈ. என்னும் வேறு வகைப் புரதம் உருவாகித் திசுக்களில் உள்ள மாஸ்ட் அணுக்களின்மீது படிந்து காத்திருக்கிறது. அடுத்த முறை அச்சர்க்கரை இறைச்சி வழியே இரத்தத்தில் கலக்கும்போது அந்த அணுக்கள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. அரிப்பு, தடிப்பு, உதடும் நாவும் வீங்குதல், வயிற்றுவலி, மூச்சுத்திணறல், இரத்த அழுத்த வீழ்ச்சி ஆகியவை தொடர்கின்றன. சிலருக்குத் தோலில் எதுவும் தோன்றாமல் வயிற்றுவலியும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் மட்டுமே வருவதுமுண்டு.

காலத் தாழ்வு ஏன்? வேர்க்கடலையோ இறாலோ ஒவ்வாதவருக்கு எதிர்விளைவு சில நிமிடங்களில் தோன்றும். அங்குப் பகையாவது புரதம். இங்கோ ஆல்ஃபா-கேல் பெருமளவு கொழுப்புடன் பிணைந்திருக்கிறது. கொழுப்பு செரித்து, நிணநீர் வழியாக இரத்தத்தை அடைய நெடுநேரமாகிறது. இரண்டு முதல் ஆறு மணி நேரத் தாழ்வுக்கு இதுவே காரணமென ஆய்வாளர் கருதுகின்றனர். கொழுப்பு மிகுந்த கறி கூடுதல் தீங்கு செய்வதும், மெலிந்த கறித்துண்டு சிலவேளை எதுவும் செய்யாமல் விடுவதும் இதனாலேயே. ஒருமுறை வந்து மறுமுறை வராமல் போவது நோயாளியை மேலும் குழப்புகிறது.

கடிபட்டவர் எல்லோரும் நோயாளராவதில்லை. எதிர்ப்புப் புரதம் உருவானவருள்ளும் பலர் எத்தொல்லையுமின்றி இறைச்சி உண்கின்றனர். பி வகை இரத்தத்தின் அடையாளச் சர்க்கரை ஆல்ஃபா-கேலை ஒத்திருப்பதால், பி, ஏபி வகையினரிடம் இவ்வொவ்வாமை குறைவாகக் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் காட்டியுள்ளன.

நம் மண்ணின் உண்ணிகள்

அமெரிக்காவில் ‘தனி நட்சத்திர உண்ணி’ எனப்படும் இனமும், ஆஸ்திரேலியாவில் ‘இக்சோடஸ் ஹோலோசைக்ளஸ்’ என்னும் இனமும், ஐரோப்பாவில் ‘இக்சோடஸ் ரிசினஸ்’ என்னும் இனமும் இவ்வொவ்வாமையுடன் தொடர்புடையவை. கண்டத்துக்குக் கண்டம் உண்ணியினம் வேறாயினும் நோய் ஒன்றாகவே இருப்பது நோக்கற்பாலது.

உண்ணி தமிழருக்குப் புதியதன்று. ‘உண்’ என்னும் வினையடியிலிருந்தே அதற்குப் பெயரிட்ட நம் முன்னோர் அதன் இயல்பை நன்கறிந்திருந்தனர். மாட்டு உண்ணி பெரும்பாலும் கால்நடைகளையே பற்றி வாழ்வது. நாய் உண்ணி வீட்டுக்குள் நுழைந்து சிலவேளை மனிதரையும் கடிப்பது. உண்ணியால் வரும் நோயும் இந்நாட்டுக்குப் புதியதன்று. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் குரங்குகள் மடிந்து விழ, அருகிலிருந்த ஊர்மக்கள் கடுங்காய்ச்சலால் மாண்டனர். புனேயின் வைரஸ் ஆராய்ச்சி மையத்தினர் அதற்கு உண்ணி பரப்பும் நச்சுயிரே காரணமெனக் கண்டனர். 2011இல் குஜராத்தில் கிரிமிய-காங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் வெளிப்பட்டபோதும் உண்ணியின் பங்கு பேசப்பட்டது. இவை தொற்றுநோய்கள். ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை தொற்றுநோயன்று. ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. எனினும் உண்ணிக் கடியை அற்பமென எண்ணலாகாது என்னும் பாடம் இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே கால்நடை வளர்ப்போர், ஆட்டுச் சந்தையில் தொழில் செய்வோர், நாய்களுடன் பழகுவோர், காட்டோரத்தில் வாழ்வோர் ஆகியோரிடமும், வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியோரிடமும் காரணம் விளங்காத நள்ளிரவுத் தடிப்பு தோன்றினால், உண்ணிக் கடியைப் பற்றி மருத்துவர் வினவுதல் வேண்டும்.

ஹலால் முத்திரையும் நோயாளியின் தேவையும்

முஸ்லிம் வாசகர் இங்கு ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். பன்றியிறைச்சியைத் தவிர்ப்பதால் மட்டும் இந்நோயாளிக்குப் பாதுகாப்புக் கிட்டுவதில்லை. ஆடு, மாடு, ஒட்டகம், மான், முயல் ஆகிய அனைத்திலும் ஆல்ஃபா-கேல் உண்டு. ஈரல், குடல், குறிப்பாகச் சிறுநீரகம், ஆட்டுக்கால் சாறு ஆகியவையும் தவிர்க்கப்பட வேண்டும். கோழி, வாத்து, மீன், இறால், முட்டை ஆகியவற்றில் அது இல்லை. பாலும் நெய்யும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. சிலருக்கு மட்டும் அவையும் தீங்கு செய்கின்றன.

‘ஹலால் ஜெலட்டின்’ என விற்கப்படும் பொருள்கள் பெரும்பாலும் மாட்டின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுபவை. மார்க்க நெறிப்படி அவை ஆகுமானவையாயினும் இந்நோயாளிக்கு ஆகாமற் போகலாம். மருந்துக் குப்பிகள், இனிப்புகள், சில தடுப்பூசிகள் ஆகியவற்றில் ஜெலட்டின் உண்டு. பன்றிக்குடலிலிருந்து பெறப்படும் ஹெப்பரின் மருந்தும், பன்றி அல்லது மாட்டுத் திசுவாலான இதய வால்வுகளும் சிலருக்கு எதிர்விளைவை உண்டாக்கியுள்ளன. அறுவை சிகிச்சைக்குமுன் இவ்வொவ்வாமையை மருத்துவரிடம் கூறிவிடுவது கட்டாயமாகும். நம் நாட்டில் பொட்டல உணவுகளின்மீது அச்சிடப்படும் சைவப் பச்சைக் குறி இந்நோயாளிக்கு நல்லதொரு வழிகாட்டி. மருந்துகளில் அக்குறியை எதிர்பார்க்கவியலாது. மருந்தாளரிடம் கேட்டறிதல் வேண்டும்.

இனி வணக்கமும் விருந்தும். குர்பானி கொடுப்பவர் அதன் இறைச்சியை உண்பது பெரும்பாலான ஃபிக்ஹ் அறிஞர்களின் கருத்தில் விரும்பத்தக்கதேயன்றிக் கட்டாயமன்று. எனவே ஒவ்வாமையுள்ளவர் முழுவதையும் உறவினர்க்கும் ஏழைகட்கும் பகிர்ந்தளித்துவிடலாம். அவருடைய வணக்கத்தில் குறை ஏதுமில்லை. ரமளானில் கொத்துக்கறி சேர்த்துக் காய்ச்சிய நோன்புக் கஞ்சியை மாலையில் அருந்தினால், தராவீஹ் தொழுகையின்போதோ அதற்குப் பின்னரோ தடிப்பு தோன்றலாம். சஹர் நேரத்தில் உண்ட கறி முற்பகலில், நோன்பிருக்கும்போது, தாக்கலாம். உயிருக்கு ஆபத்து நேரும் வேளையில் நோன்பைக் கருதி மருத்துவத்தைத் தாமதப்படுத்துவது மார்க்கம் விரும்பாத செயல். நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நிறைவேற்றும் சலுகையை ஷரீஅத் தெளிவாகவே வழங்கியுள்ளது.

நம் விருந்துகளில் ‘ஒரு துண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது’ என்று அன்புடன் வற்புறுத்தும் வழக்கம் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் முன் உடும்பிறைச்சி வைக்கப்பட்டபோது, தம் ஊரில் வழக்கமில்லாத உணவென்பதால் தமக்கு விருப்பமில்லை எனக் கூறித் தாம் உண்ணாதிருந்ததையும், காலித் பின் வலீத் (ரழி) அதே விருந்தில் அதனை உண்டபோது தடுக்காதிருந்ததையும் ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. ஆகுமான உணவை ஒருவர் தவிர்ப்பதால் அது விலக்கப்பட்டதாகிவிடாது, தவிர்ப்பவரும் குறைபட்டவராகமாட்டார். விருந்தளிப்போருக்கும் விருந்தினருக்கும் இந்நிகழ்ச்சியில் ஒருங்கே படிப்பினை உண்டு. இந்நோயைக் காட்டி இறைச்சியுணவே கேடென வாதிடுவோருக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வேர்க்கடலை ஒவ்வாதவர் சிலர் இருப்பதால் வேர்க்கடலை நஞ்சாகிவிடவில்லை.

சிகிச்சையும் தற்காப்பும்

ஐயம் எழுந்தால் ஒவ்வாமை மருத்துவரை நாட வேண்டும். ஆல்ஃபா-கேலுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. புரதத்தை இரத்தச் சோதனையில் அளவிடலாம். ஆயினும் சோதனை முடிவு மட்டும் நோயாகாது. அறிகுறிகளும் அதனுடன் பொருந்த வேண்டும். தாமாகவே முடிவு செய்து இறைச்சியைத் துறப்பதும், ‘சோதித்துப் பார்ப்போம்’ என்று வீட்டிலேயே உண்டு பார்ப்பதும் ஒருசேரத் தவறு. உண்டவை, உண்ட நேரம், அறிகுறி தோன்றிய நேரம், உடற்பயிற்சி, முன்னர் நேர்ந்த பூச்சிக்கடிகள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவது பெரிதும் உதவும்.

மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. தொடையின் வெளிப்புறத் தசையில் செலுத்தப்படும் அட்ரினலின் ஊசியே அதற்குரிய முதல் மருந்து. அரிப்பு மாத்திரைகள் அதற்கு ஈடாகா. நோயாளியைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி, மூச்சுத்திணறல் இருப்பின் அமர்த்தி, எழுந்து நடக்கவிடாது 108 ஊர்தியை அழைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் எனக் காத்திருத்தல் கூடாது. 2024இல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தவர் ஒருவர் மாட்டிறைச்சி உண்டு சில மணி நேரத்தில் உயிரிழந்தார். இரு வாரங்களுக்கு முன்னரும் இறைச்சி உண்ட இரவில் அவர் கடும் வயிற்றுவலியால் துடித்திருந்தார்; காரணம் விளங்கவில்லை. இறந்தபின் அவருடைய இரத்தத்தை விர்ஜீனியா ஆய்வாளர் சோதித்தபோதே ஆல்ஃபா-கேல் ஒவ்வாமை தெரியவந்தது. இந்நோயால் நேர்ந்ததெனப் பதிவான முதல் மரணமாக 2025இல் அது வெளியிடப்பட்டது. முதல் இரவின் எச்சரிக்கையைப் புரிந்துகொள்ள எவரேனும் இருந்திருப்பின் இரண்டாவது இரவு வேறாக அமைந்திருக்கக்கூடும்.

புதிதாக உண்ணி கடிக்காதிருந்தால் எதிர்ப்புப் புரதம் ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. சிலர் மருத்துவர் மேற்பார்வையில் மீண்டும் இறைச்சி உண்ணும் நிலையை அடைகின்றனர். மீண்டும் கடிபட்டால் அது மறுபடி உயரும். ஆகவே தடுப்பே தலையாயது. புதர்களில் நடக்கும்போது நீண்ட காற்சட்டையும் காலுறையும் அணிதல், திரும்பியதும் குளித்து உடலைச் சோதித்தல், ஆடு மாடுகட்கும் நாய்கட்கும் கால்நடை மருத்துவர் பரிந்துரைக்கும் உண்ணி மருந்தை இடுதல் ஆகியவை எளிய வழிகள். உண்ணிக் குஞ்சு கசகசா விதையினும் சிறியதாதலால் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒட்டிய உண்ணியை மெல்லிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, வயிற்றை நசுக்காமல் நேராக இழுத்தெடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீக்குச்சியால் சுடுவதும் கூடாது. கடிபட்ட நாளைக் குறித்து வைத்தல் நலம்.

அர்ராஸீ ரோஜாவைக் குற்றம் சாட்டவில்லை; அல்பல்கீயைப் பழிக்கவுமில்லை. இன்ன பருவத்தில், இன்ன மலரால், இன்னாருக்கு இவ்வாறு நேர்வதேன் எனக் கேட்டார். சிறுசேரியின் ஒரு வீட்டில் நள்ளிரவில் ஒருவர் உடல் தடித்து விழித்தெழும்போது அவர் அருகிலிருப்பவரும் அவ்வாறே கேட்டல் வேண்டும்: மாலையில் என்ன உண்டீர்? சில மாதங்களுக்கு முன் எங்கு நடந்தீர்? எது கடித்தது? இம்மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் நோயின் பெரும்பகுதி விளங்கிவிடும்.